மணியடித்தால் மண்வெட்டியை வைப்பவர்

பூவரசங்குளத்துக்கு அப்பால் காட்டோரம் இருந்த கத்தோலிக்கத் துறவியர் மடத்தில், மலேரியாக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வாரம் தங்கினேன். அங்கே தோட்டம் கொத்திய நரைத்த தாடிக்காரப் பிரதர், செபத்துக்கு மணியடித்தால் ஓங்கிய மண்வெட்டியையும் அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் காலை அவரிடம் கேட்டேன்: "ஒரு கொத்துத்தானே மிச்சம், முடிச்சிட்டுப் போனால் என்ன?"

"வேட்டைக்குப் போய், காட்டுப்பண்டியெண்டு நினைச்சு என்ரை மகனைச் சுட்டுப்போட்டன், தம்பி," என்றார். "ரெண்டு வருசம் நித்திரையில்லை. இஞ்சை வந்துதான், மணி கேட்டால் கையிலை இருக்கிறதை விடப் பழகினனான். பழகப் பழக, பிள்ளையையும் ஆண்டவரின்ரை கையிலை விட்டிட்டன். இப்ப நித்திரை வருது."

சொல்லிவிட்டுக் குனிந்து கத்தரிக்கன்றுக்கு மண் அணைத்தார். அவருடைய கைகள் எப்படி நடுங்காமலிருந்தன என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.