கோணல் கொடி

கொடி அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததே டைல்ஸால்தான். குளியலறைச் சுவரில் ஓடும் பூங்கொடியை ஒரு டைலிலிருந்து அடுத்த டைலுக்கு இம்மி பிசகாமல் தூரிகையால் வரைந்து சேர்க்க அவளை விட்டால் ஆள் கிடையாது. டைல்ஸ் பட்டறை தம்பியுடையது. மாடியில் வீடு, கீழே சூளை, நடுவே படிக்கட்டு. அவ்வளவுதான் அவள் உலகம்.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தங்கிக்கொள்ள அறையும் உண்டு. ஒன்றாம் தேதிக்குள் சேர வேண்டும். ஐயோ, எத்தனை ஆசை அவளுக்கு! ஆனால் தம்பியிடம் பேச்செடுத்தால் போதும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான்.

"என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போறியாக்கா? உன் கைய நம்பித்தானே கடையத் தொறந்தேன்?"

இப்படிக் கேட்பவனிடம் யாரால் என்ன பேச முடியும்? சண்டை போட்டாலாவது ஒரு வழியாகத் தொலையும். பாசத்தைக் காட்டியல்லவா பூட்டுப் போடுகிறான்!

கடைசியில் அக்கா ஒரு கள்ளத்தனம் செய்தாள். தன் கை நடுங்குகிறது என்று அவன் நம்பிவிட்டால் விட்டுவிடுவான் அல்லவா? புது அடுக்குமாடிக் கட்டடத்துக்கான மாதிரிப் பலகைக்கு வேண்டுமென்றே கொடியைக் கோணல்மாணலாக இழுத்தாள். இணைப்பில் தண்டோடு தண்டு சேரவில்லை. இலை ஒன்று அந்தரத்தில் நின்றது. சூளையிலிருந்து எடுத்துப் பலகையில் ஒட்டியதும் தம்பியின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"என்னக்கா இது?"

"கை நிக்க மாட்டேங்குதுடா. வயசாகுதில்ல? என்னை விட்டுடு."

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "சரிக்கா" என்றுகூடச் சொல்லிவிட்டான். அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா, அந்தக் கட்டடத்துக்கு உள் அலங்காரம் செய்யும் அம்மா வந்து நிற்க வேண்டும்?

"அடடா! கையால வரைஞ்சதுன்னு பாத்தவுடனே தெரியுதே! மிஷின்ல இதெல்லாம் வராது. எல்லா வீட்டுக்கும் இதையே போட்டுடுங்க."

தம்பி அக்காவின் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நடுங்கினாலும் இது தங்கக் கைக்கா!"

நடுக்கமே பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வாள்?

ஒன்றாம் தேதி வந்தது, போனது. பள்ளியில் வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள். அக்கா சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோணல் கொடி வரைந்தாள். பழகிய கை, பாவி, தானாக நேராகப் போய்த் தொலைந்தது. அழுகை அழுகையாய் வந்தது. தம்பி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"இதுல கோணல் கம்மியா இருக்கேக்கா," என்றான் அன்பாக. "ஒண்ணும் அவசரமில்ல. அழிச்சிட்டு மறுபடி போடு."