கம்பெனிக்காரருக்குத் தெரியாத மை

எனக்குக் கோர்வையா எழுத வராது, மன்னிக்கணும். அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். அப்புறம் பேனா பிடிச்சதெல்லாம் கையெழுத்துப் போடத்தான். பாதி மறந்தும் போச்சு. நாலு பேர் முன்னால வாய் திறக்குற ஆளும் நான் இல்லை. ஆனா போன வாரம் எங்க தெருவுக்கு ரெண்டு பொண்ணுங்க ஒரு மனுவோட வந்தாங்க. ஆள் கடத்துறவங்களுக்கு எதிரா நம்ம மாநிலத்துல இன்னும் கெட்டியான சட்டம் வேணும்னு அதுல எழுதியிருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். அவங்க போனப்புறம், வெறும் கையெழுத்து போதாதுன்னு தோணிச்சு. அதனால இதை எழுதுறேன்.

எழுபதுகளோட கடைசி. எனக்கு இருபது வயசு இருக்கும். ஆம்பூர்ல ஷூ செய்ற ஒரு கம்பெனியில வேலை. வெட்டின தோலோட ஓரம் வெள்ளையாத் தெரியும், அந்த ஓரத்துக்குக் கறுப்பு மை பூசணும். சின்ன பிரஷ்ஷால ஒரே இழுப்பு. தோல் மேல பட்டுட்டா சூப்பர்வைசர் கத்துவார். அதுக்குப் பயந்து பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பிடிச்சா மை எங்க விரல்ல ஏறிடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நகக்கண்ணு எல்லாம் கறுப்பு. சோப்புக்கெல்லாம் போகாது. பஸ்ல கம்பியைப் பிடிச்சா, "இன்னாம்மா, மை செக்ஷனா?"ன்னு கண்டக்டரே கேப்பார். தோல் வேலை தெரிஞ்ச யாருக்கும் அந்தக் கறை தெரியும்.

பக்கத்துல உக்காந்து மை பூசுனவ என் சினேகிதி. அம்மா இல்லாத பொண்ணு. அவ அப்பா தோல் பதனிடுற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில இறங்கி வேலை செய்றவர். எனக்கு வாய் கம்மி, அவளுக்கு ஜாஸ்தி. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பினா இவ எழுந்து நின்னு அவர் மாதிரியே தொப்பையைத் தடவிக் காட்டுவா. நான் சிரிக்கக்கூடாதுன்னு உதட்டைக் கடிச்சுக்குவேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வர்றப்ப ஒரு அக்கா எங்ககிட்டப் பேச்சுக் குடுத்தாங்க. முன்னப்பின்ன யாருக்கும் தெரியாதவங்க. கையில பாட்டுப் புஸ்தகம் வச்சிருந்தாங்க, எங்களுக்கு அது போதுமா இருந்துச்சு. மூணு நாலு வாரம் வீட்டுக்கெல்லாம் வந்தாங்க.

"பம்பாயில பெரிய கம்பெனிம்மா. தங்கறதுக்கு ஹாஸ்டல் இருக்கு. உங்கள மாதிரி அடக்கமான பொண்ணுங்களத்தான் கேக்குறாங்க."

எங்க ஊர்ல கம்பெனின்னா தோல் கம்பெனி, இல்லாட்டி ஷூ கம்பெனி. வேற எதுவும் எங்களுக்குத் தோணாது. இன்னா கம்பெனின்னு என் அம்மாவும் கேக்கல, அவ அப்பாவும் கேக்கல. அந்த அக்கா ஒரு தடவை கூட செருப்புன்னோ தோலுன்னோ சொல்லலைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. "கையைச் சுத்தமா வச்சுக்கங்க. இந்தக் கறை ஆகாது." சினேகிதி பத்து நாள் முன்னாடியே வேலையை விட்டுட்டு, எலுமிச்சம்பழத் தோலும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்ச்சு விரலை வெள்ளையாக்கிட்டா. நான் வேலையை விட்டு நிக்கப்போறேன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லப் பயந்துகிட்டு, கிளம்புறதுக்கு முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் மை பூசுனேன்.

ஆம்பூர்ல காலையில ரயிலேறினோம். அரக்கோணத்துல இறங்கி பம்பாய் வண்டிக்குக் காத்திருக்கணும். மத்தியானம், பிளாட்பாரம் அனலா இருந்துச்சு. வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் வந்தார். "கம்பெனிக்காரர், கும்பிடுங்க"ன்னு அக்கா சொன்னாங்க. கும்பிட்டோம். அவர் பேரைக் கேக்கல, என்ன வேலை தெரியும்னு கேக்கல. சினேகிதியோட கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்து விட்டார். அப்புறம் என் கையைப் பிடிச்சார்.

"சீ, இது இன்னா கறை? ஏதாவது சீக்கா?"

"இல்லங்க, போய்டும். நாலு நாள்ல போய்டும்"னாங்க அக்கா, அவசரமா.

அவர் என் விரலை விடல. மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவங்க ரெண்டு பேரும் தள்ளி நின்னு பேசுறப்ப சினேகிதியோட காதுல சொன்னேன். "ஏய், அவருக்கு மை தெரியல."

"ஆபீசருடி. அவரா உக்காந்து மை பூசுவாரு?"

"பூச வேணாம். பார்த்தா தெரியாதா? சீக்கான்னு கேக்குறார்டி. வா, போய்டலாம்."

"பயந்தாங்கொள்ளி. கரப்பானுக்கே கத்துறவ நீ. போய் மூஞ்சி கழுவிட்டு வா, பையை நான் பாத்துக்கறேன்."

தண்ணி குடிக்கணும்னு அக்காகிட்டச் சொன்னேன். பெண்கள் தங்கற ரூமுக்குள்ள போனேன். கதவுக்குப் பின்னால இருந்த மூலையில குந்திக்கிட்டேன். எழுந்திரிக்க முடியல. அக்கா என்னைத் தேடிக் கூப்பிட்டது கேட்டுச்சு. அப்புறம் சினேகிதியும் கூப்பிட்டா, ரெண்டு தடவை. சிரிப்பும் கோவமுமா அவ குரல். வாயைப் பொத்திக்கிட்டேன். வண்டி வந்துச்சு, நின்னுச்சு, போய்டுச்சு. நான் ஒரு கத்து கத்தியிருந்தா அவ இறங்கியிருப்பா. நான் கத்தல.

வீட்டுக்குத் திரும்பினதும் அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டாங்க. "யார் கேட்டாலும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு சொல்லு. நீயும் கூடப் போனேன்னு தெரிஞ்சா உன்னை எவன் கட்டுவான்?"

சினேகிதிகிட்டயிருந்து ஒரு மாசமா கடுதாசி வரல. அவ அப்பா வந்தார். சுண்ணாம்புல வெந்துபோன கால், வாசல்லயே நின்னார். அவர்கிட்ட எல்லாத்தையும் அழுதுகிட்டே சொன்னேன். அவருக்கு எழுதத் தெரியாது. போலீசுக்குக் குடுக்க அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அரக்கோணத்துல அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்தது, எங்க கையைப் பார்த்தது எல்லாம் வர்ற இடத்துல அம்மா என் பேனாவைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவ அப்பா அம்மாவைப் பார்த்தார். "வேணாம் விடும்மா. உன் பேரு வேணாம்"னார். பொண்ணு ஒருத்தி பம்பாய் போனவ காணோம், அவ்வளவுதான் அந்தக் காகிதத்துல இருந்துச்சு.

எந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன்னு எழுதல, இப்ப அது எதுக்கு. அவ அப்பா போய்க் குடுத்துட்டு வந்து சொன்னார்: "பொண்ணு மைனர் இல்ல, இஷ்டப்பட்டுத்தானே போச்சுன்னாங்க. வண்டியேறினது எங்க எல்லையில இல்லன்னாங்க. பார்த்த ஆளு யாருன்னு கேட்டாங்கம்மா. யாரும் இல்லன்னுட்டேன்."

அவ வரல. அவர் செத்துப்போறதுக்கு முன்னாடி எண்பதுகள்ல ரெண்டு தடவை பம்பாய்க்குப் போய் வந்தார். பாஷை தெரியாம, விலாசம் இல்லாம, எந்தக் கம்பெனின்னு போய்க் கேப்பார்? அவர் திரும்பி வந்த நாளெல்லாம் நான் ஜன்னலை மூடிக்குவேன்.

சட்டத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமத்தான் கேக்குறேன். பொய் சொல்லிக் கூட்டிப்போனா அது இஷ்டம் ஆகுமா? இஷ்டப்பட்டுத்தானே போனான்னு ஒரு அப்பன்கிட்ட எந்த ஸ்டேஷன்லயும் கேக்கக்கூடாதுன்னு சட்டத்துல எழுதணும். எங்க போய்ச் சொன்னாலும் அங்கயே வாங்கிக்கணும், எல்லை பார்க்கக்கூடாது. வெளி மாநிலத்துக்கு வேலைக்குன்னு ஆள் கூட்டிப்போறவங்க பேரும் விலாசமும் இங்க பதிவு ஆகணும். தப்பிச்சு வந்தவளைக் கறை பட்டவளாப் பார்க்கக்கூடாது. எல்லாத்தையும் விட, பார்த்தவளோட பேரு வெளியே போகாதுன்னு சட்டம் உறுதி குடுக்கணும். அந்த உறுதி அன்னிக்கு இருந்திருந்தா அம்மா பேனாவைப் பிடிச்சிருக்க மாட்டாங்களோ என்னமோ. நானே பிடுங்கி எழுதியிருக்கலாம். எழுதல.

இப்ப செல்போன்லயே வேலைக்கு ஆள் கேக்குறாங்க. எங்க தெருப் பொண்ணுங்க யாராவது பையைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷன் பக்கம் போனா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். போய்க் கேக்க வாய் வராது. இதைப் படிக்கிறவங்க கேளுங்க. மனு உங்க வீட்டுக்கு வந்தா கையெழுத்துப் போடுங்க.

எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா, எந்தப் பிளாட்பாரம், பம்பாய் வண்டி எத்தனை மணிக்கு, எல்லாம் எனக்குக் குழப்பமா இருக்கு. தெரிஞ்சவங்க சரிபார்த்துத் திருத்துங்க. அவ அப்பா குடுத்த காகிதம் எந்த அலமாரியிலயாவது மிச்சம் இருந்தா அதையும் பாருங்க. ஒரு பக்கம்தான், என் கோணல் எழுத்து. அதுல நான் விட்டது இதுல இருக்கு. ரெண்டையும் சேர்த்து வச்சுப் படிங்க. பார்த்த ஆளு ஒருத்தி இருந்தான்னு அந்தக் காகிதத்தோட ஓரத்துல யாராவது எழுதி வையுங்க.