பங்களா சமையல்காரரின் பண்டிகை ரொட்டி

ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் எல்லை பிரிக்கும் விசாரணைக்காக எங்கள் அதிகாரியும் அவருடைய குமாஸ்தாவான நானும் சித்தூர் சர்க்கார் பங்களாவில் தங்கியிருந்தோம். அங்கே சமையல்காரர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. யாரோடு பேசினாலும் பார்வை அடுப்பைவிட்டு நகராது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, தான் வாங்கி வந்த ரொட்டியைச் சிறு பாத்திரத்தில் அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றினார்.

"ராத்திரி பூரா ஊறணும் சார். காலீல கோயில் முடிஞ்சி பசியோட வர்ற புள்ளைங்க துன்னும்."

விடிந்ததும் மூடியின்மேலும் தணல் போட்டு வேகவைத்தார். மணம் எங்கள் அதிகாரியை எழுப்பியது.

"அதை இங்கே கொண்டா."

"உங்களுக்கு இட்லி வெச்சிருக்கேன் சார். இது எங்க வூட்டுக்கு."

"சர்க்கார் பங்களாவில் உன் வீட்டுச் சமையலா?"

தன் கரியில் தன் உணவைச் சமைத்துக்கொள்ளச் சமையல்காரருக்கு அனுமதி உண்டு. விதியைச் சொன்னேன். ஊர்களையே பங்குபோட வந்தவர் காதில் அது ஏறுமா?

சமையல்காரர் சொன்னார்: "பங்களா ஆந்திராவுதா, மெட்ராசுதான்னு நீங்க தீர்த்துக்குங்க சார். முட்ட என்னுது."

அதிகாரி அங்கேயே அவரை வேலையிலிருந்து நீக்கினார். விளக்கம் கேட்கவில்லை, உத்தரவு எழுதவில்லை, நீக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. இதை நான் சொல்லச் சொல்ல இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தார்.

பாத்திரத்தோடு கிளம்பிய சமையல்காரரை வாசலில் ஓடிப் பிடித்து, "முறையீடு எழுதித் தருகிறேன்" என்றேன்.

"அப்பறம் எழுதலாம் சார், ஆறிப் போவுது. வூட்டுக்கு வாங்க, நீங்களும் ஒரு துண்டு சாப்டுங்க."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வேலையை இழந்து, சூடான பாத்திரத்தை ஏந்தி நின்ற அவருக்கு அது ஏன் வரவேயில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.