வாசலுக்கு வாங்கிய நாற்காலிகள்

அய்யம்மாளுக்குக் கனவு வந்தால் பச்சையாகத்தான் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து காய் பொறுக்கினவளுக்கு வேறு எந்த நிறத்தில் வரும்? கண்ணை மூடினால் போதும், முறத்தில் காய்கள் உருளத் தொடங்கிவிடும். கரும்பச்சை ஒரு பக்கம், வெளிர்பச்சை ஒரு பக்கம், வெடித்ததும் சூம்பியதும் இன்னொரு பக்கம். தூக்கத்தில்கூட அவள் விரல்கள் பொறுக்கிக்கொண்டிருக்கும் என்று கணவர் கண்ணுச்சாமி சொல்லிச் சிரிப்பார். அவர் அதை எப்போது பார்த்தார் என்பதுதான் ஆச்சரியம். அவர் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். இவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவர் மலைமேல் இருப்பார், அவர் இறங்கி வரும் நேரத்தில் இவள் போடியில் இருப்பாள். அப்படியே ஒரு பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, கட்டியும் கொடுத்துவிட்டார்கள்.

குரங்கணிக்குச் சற்று மேலே, ஜீப் ரோடு வளைந்து ஏறத் தொடங்குகிற இடத்தில் அவர்கள் வீடு. வாசலில் ஒரு பலா மரம், அதைத் தாண்டினால் பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மலை. காலையில் நீலமாக இருக்கும், உச்சிப் பொழுதில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரியும், சாயங்காலம் மேகம் இறங்கி எல்லாவற்றையும் துடைத்துவிடும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்கவென்றே வண்டி பிடித்து வருகிறார்கள். அய்யம்மாள் இருட்டில் பஸ்சுக்குக் கிளம்பி இருட்டில் திரும்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது தலையைத் தூக்கினால் மலை தெரியும். அவ்வளவுதான் அவளுக்கும் மலைக்கும் உள்ள பழக்கம்.

கடையிலும் ஒன்றும் தெரியாது. ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருப்பார்கள். வெயில் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும், நிறம் போனால் தரம் போச்சு. அதனால் நல்ல காயைக் கறுப்புத் தாள் போட்ட மூட்டையில் கட்டி, இருட்டறையில் அடுக்கிவிடுவார்கள். அந்தப் பழக்கம் அய்யம்மாளுக்கு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. நல்ல சேலை பெட்டிக்குள். நல்ல தட்டு அட்டைக்குள். மிக்ஸிக்குக்கூட ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தாள். எது நல்லதோ அது வெளிச்சம் பார்க்கக்கூடாது.

போன வருஷம் கண்ணுச்சாமிக்கு நெஞ்சுவலி வந்தது. தேனியில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, இனி ஜீப்பைத் தொடக்கூடாது, பளுவைத் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஜீப் மருமகன் முறையாகும் கன்னையன் கைக்குப் போனது. அய்யம்மாளும் பொறுக்கினது போதும் என்று வேலையை விட்டு நின்றுகொண்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் பகலில் ஒரே வீட்டுக்குள். எப்படி இருப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை. பஸ்சில் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் விலகி வழிவிட்டுக்கொண்டார்கள். அவர் டிவி முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். காது மட்டும் வெளியே இருக்கும். மேலே ரோட்டில் கன்னையனின் ஜீப் கியர் மாற்றினால் இங்கே இவர் பாதம் அசையும்.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

“அய்யம்மா, வாசல்ல ரெண்டு சேரு போட்டா நல்லாருக்கும்ல. சாயந்தரம் உக்காந்து மலையப் பாக்கலாம். நீயும் நானும்.”

‘நீயும் நானும்’ என்று அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. அடுப்படியில் நின்றவளுக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி இளகிவிட்டது. மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“பிளாஸ்டிக் சேரே போதும். வெயில்ல கெடந்தாலும் ரெண்டு வருசம் வரும். அதுக்கு மேல நமக்கு எதுக்கு?”

அவர் நாற்காலிக்குக் கணக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா? அய்யம்மாள் கேட்கவில்லை. கேட்டு, அவர் பதில் சொல்லித் தொலைத்துவிட்டால்? கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட போடில் பூனை எழுந்து ஓடியது. இரண்டு வருஷத்தில் உடைகிற நாற்காலி இந்த வாசலில் கால் வைக்காது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். அவளுக்கு அன்றைக்கு வந்தது கோபம் என்று கண்ணுச்சாமி நினைத்துக்கொண்டார். அது பயம்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அனுப்பிரியாவுக்குப் போன் போட்டாள். “நான் ஆன்லைன்ல போட்டு விடுறேன்மா, வீட்டுக்கே வந்துரும்” என்றாள் மகள். “கையில தொடாம எதடி வாங்குறது?” என்று கேட்டு வைத்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறிப் போடிக்குப் போனாள்.

காமராஜ் என்பவரின் கடையில் எல்லாத் தரமும் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை தொடுகிற அளவுக்கு அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். இரும்புக் குழாயில் பிரம்பு மாதிரி பிளாஸ்டிக் பின்னியவை. பங்களா வாசலுக்குப் போடுகிற தேக்கு நாற்காலிகள் தனியாக, ஒரு மூலையில். தேக்கு ஒன்று வாங்குகிற காசில் பிளாஸ்டிக்கில் ஒரு பந்திக்கே வாங்கலாம்.

அய்யம்மாள் முதல் வேலையாகத் தரையில் உட்கார்ந்தாள். மூட்டையில் மேலே நல்ல காயும் அடியில் சூம்பலும் போட்டு ஏமாற்றுகிற வியாபாரிகளை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் எதையும் அடியிலிருந்துதான் பார்ப்பாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப்போட்டாள். பிளாஸ்டிக்கை அமுக்கினாள், நெளிந்தது. பின்னல் நாற்காலி பார்க்க ஜோராக இருந்தது. கவிழ்த்தால் குழாய் சேருகிற இடத்தில் இப்போதே துரு. தள்ளி வைத்தாள். தேக்கின் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

“அக்கா, உக்காந்து பாருங்க” என்றார் காமராஜ்.

“உக்காந்துதான தம்பி பாக்குறேன்” என்றாள் அய்யம்மாள், தரையிலிருந்தபடி.

பிறகு அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். “எத்தன வருசம் வரும்?”

“பிளாஸ்டிக்னா ரெண்டு, மூணு. வெயில் பட்டுப் பட்டு மொறுமொறுன்னு ஆகி ஒருநாள் படக்குன்னு போயிரும். தேக்குன்னா கவலையே வேணாம்க்கா, நம்ம காலத்துக்கு அப்புறமும் கெடக்கும்.”

“அப்படிச் சொல்லாத. இருபது வருசம்னு சொல்லு.”

காமராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். “சரிக்கா. இருபது வருசம்.”

அந்த வார்த்தையைத்தான் அவள் காசு கொடுத்து வாங்கினாள். நாற்காலி அதற்கு மேல் கொசுறு. ஆனால் காமராஜ் நேர்மையான ஆள், ஒன்றையும் மறைக்கவில்லை. “மழை, வெயில் பட்டா இந்த நிறம் இருக்காதுக்கா. சாம்பலாப் போயிரும். மரம் கெடாது, பயப்படாதீங்க” என்றார். நிறம் போய்விடும் என்பதுவரைதான் அய்யம்மாள் காதில் விழுந்தது. இரண்டு நாற்காலிக்கும் சொல்லிவிட்டு எழுந்தாள். ஒருமுறைகூட அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை. காயைப் பொறுக்குகிறவள் காயைத் தின்று பார்ப்பதில்லையே.

கன்னையன் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினான். கண்ணுச்சாமி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்னா அய்யம்மா, எஸ்டேட் பங்களா எதுவும் கட்டப்போறியா?”

“இருபது வருசம் வரும்” என்றாள் அவள்.

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். புரிந்துகொண்டார் போலிருக்கிறது. “அம்புட்டு வருமா” என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்காலியின் கையை மெல்லத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். தேன் நிறம். சாயங்கால வெயில் அதில் பட்டதும் உள்ளேயிருந்து விளக்கு ஏற்றினாற்போல இருந்தது.

அந்த வெயில்தான் வினையாகிப்போனது.

“எந்திரிங்க, வெயில் படுது” என்று நாற்காலியை மரத்தடிக்கு இழுத்தாள். மரத்தடியில் பலாப்பால் சொட்டும் என்று திரும்ப இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் பனி இறங்குகிறது என்று உள்ளே தூக்கிப் போய்விட்டாள். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் வெளியே எடுக்கவேயில்லை. கறுப்புத் தாள் வாங்கிவந்து, மூட்டை கட்டுகிற மாதிரி இரண்டையும் சுற்றிக் கயிறு போட்டுக் கூடத்து மூலையில் வைத்தாள். கண்ணுச்சாமி பழையபடி கட்டிலுக்கும் டிவிக்கும் போய்விட்டார். மூலையில் அந்த இரண்டும் முக்காடு போட்ட விருந்தாளிகளைப் போல எந்நேரமும் உட்கார்ந்திருந்தன.

“அத்தே, இது வெளிய போடுறதுக்குன்னே செஞ்ச சேரு” என்று கன்னையன் ஒருநாள் சொல்லிப் பார்த்தான்.

“வெளிய போட்டா நிறம் போயிரும்டா.”

“வீட்டுக்குள்ள வச்சு என்னா செய்யப்போறீக? ஏலத்துக்கு அனுப்பவா?”

“ஒஞ் சோலியப் பாரு.”

நடுப்பகலில் கண்ணுச்சாமி தூங்கும்போது அவள் தாளைக் கொஞ்சம் விலக்கி நிறத்தைப் பார்த்துக்கொள்வாள். தேன் நிறம் அப்படியே இருக்கும். இது இப்படியே இருக்கிறவரை அவருக்கும் ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. கிறுக்குத்தனம்தான், அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் தாளை மூடிக் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்குவாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். ரேஷன் கடைக்குப் போய்விட்டுச் சாரலுக்கு முன் வீடு சேர வெரசாக ஏறி வந்தவள் பலா மரத்தடியில் நின்றுவிட்டாள். வாசல் நடுவில் நாற்காலி கிடந்தது. அதில் கண்ணுச்சாமி. கயிற்றை அவிழ்த்து, தானே இழுத்து வந்து போட்டிருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“பளு தூக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது ஒங்களுக்கு” என்று கத்திக்கொண்டே வந்தாள். அதற்குள் முதல் சாரல் விழுந்தது. நாற்காலியின் கைமேல் விழுந்த துளிகள் கறுப்புப் புள்ளியாகப் பரவுவதைப் பார்த்தாள். “எந்திரிங்க, நனையுது.”

“நனையட்டும்.”

“நிறம் போயிரும்ங்க.”

கண்ணுச்சாமி கோபப்படவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தார்.

“அய்யம்மா, நீ எதுக்கு இத வாங்குனேன்னு எனக்குத் தெரியும். சேரு இருபது வருசம் இருக்கட்டும். உள்ள கட்டி வச்சிருந்தா, எனக்கு அப்புறம் நீ இதப் புத்தம்புதுசா வச்சுக்கிட்டு ஒத்தையில பாத்துக்கிட்டு இருப்ப. அதுக்கா வாங்குன?”

அவள் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கண்ணுச்சாமி, சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தார். பிறகு உள்ளேயிருந்து தரை அதிர மரம் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு தோளில் கம்பளியும் கையில் இரண்டாவது நாற்காலியுமாக அய்யம்மாள் வந்தாள். அழுதிருந்தாள். அதை மறைக்கவும் இல்லை. கம்பளியை அவர் தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

கால் தரைக்கு எட்டவில்லை. கொஞ்சம் முன்னால் வந்து பார்த்தாள், அப்போதும் எட்டவில்லை. கடைசியில் இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். நாற்காலி அகலமாகத்தான் இருந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள், ஏதோ ஒப்புக்கொள்கிற மாதிரி.

சாரல் நின்று மேகம் இறங்கத் தொடங்கியது. முதலில் மலை உச்சி போனது. பிறகு மலையே போனது. பள்ளத்திலிருந்து வெள்ளை மெல்ல மேலேறி வந்து பலா மரத்தின் அடியைச் சுற்றியது, கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. மடியில் அவள் கைகள் சும்மா கிடந்தன. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிப்பதற்கு எதிரே ஒன்றுமே இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. எங்கோ மேலே ஜீப் சத்தம் கேட்டது. “மூணாவது வளைவுல வர்றான். ரெண்டாவது கியர்ல வரணும், கேக்கமாட்டான்” என்றது பக்கத்தில் கண்ணுச்சாமியின் குரல். சத்தம் தேய்ந்து அதுவும் மேகத்துக்குள் போய்விட்டது. திரும்பிப் பார்த்தாள். கம்பளியின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. கை எட்டும் தூரத்தில் இருந்த மனுஷன் இல்லாமல் போய்விட்டார்.

அவர் ஒன்றும் பேசவில்லை. அவள் காதைக் கூர்மையாக்கி மூச்சுச் சத்தத்தைத் தேடினாள். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்தான் கேட்டது. இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தாள். கூப்பிட வாய் வரவில்லை. கையை நீட்டி வெள்ளைக்குள் துழாவினாள். ஈரமான மரம் பட்டது. அதன்மேல் சூடாக அவர் கை.

“இருக்கேன்” என்றார் கண்ணுச்சாமி.