எந்தக் குழந்தைக்கும் பொருந்தாத கழுத்து அளவு

2006-ல் திருப்பூரில், குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் அளவுகளைப் பார்த்து சாம்பிள் தைத்து வாங்கி ஒப்புதல் பெறுவது என் வேலை. மகளுக்கு அப்போது மூன்று வயது.

அந்த வருஷம்தான் இரண்டாவது கர்ப்பத்தை ஐந்தாம் மாதத்தில் கலைத்தோம். குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. பிறந்தாலும் பிழைக்காது என்றார் டாக்டர். வீட்டில் எல்லோரும் சம்மதித்தார்கள், நானும் சம்மதித்தேன். பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, என் கணவர் உட்பட. என் நல்லதுக்காகத்தான். ஆனால் மகளுக்குச் சோறூட்டும்போதும் பஸ்ஸில் போகும்போதும், செய்தது சரியா தப்பா என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

ஒரு ஜப்பான் பையர் சட்டை ஆர்டரோடு கொஞ்சம் சிவப்பு பிப்பும் கேட்டிருந்தார். எச்சில் சட்டையில் வழியாமல் குழந்தையின் கழுத்தில் கட்டுவோமே, அந்தத் துணி. பிரின்ட் கிடையாது, பட்டன் கிடையாது, இரண்டு நாடா மட்டும். கழுத்து அளவு எந்த வயசுக் குழந்தைக்கும் பொருந்தவில்லை. டைப் அடித்ததில் தப்பு போல என்று, ஆறு மாதக் குழந்தைக்கு ஆகிற மாதிரி நானே திருத்தித் தைக்கச் சொல்லிவிட்டேன்.

சாம்பிள் பார்க்க வந்தவர் கிட்டத்தட்ட என் வயதுள்ள ஒரு ஜப்பானியப் பெண். பிப்பை அளந்து பார்த்துவிட்டு, நாங்கள் அனுப்பிய அளவுதான் சரி, இது கற்சிலைக்கு என்றார் இங்கிலீஷில். பிறக்காமலே போன குழந்தைகளுக்காக அவர்கள் ஊர்க் கோயில்களில் சின்னச் சிலைகள் இருக்குமாம். அந்தக் குழந்தைகளுக்குத் தண்ணீர்க் குழந்தை என்று பெயராம். தானாகக் கலைந்தாலும் கலைத்தாலும் அதே சிலைதான். பெற்றவர்கள் வந்து சிவப்பு பிப் கட்டிவிட்டுப் போவார்களாம்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் எதையும் வேடிக்கையாகப் பேசுகிறவர். "கல்லுக்குத்தானுங்களே, அப்ப ஊசி மெஷின்ல உட வேண்டாமுங்களா?" என்றார். ஒடிந்த ஊசி முனை துணிக்குள் இருந்துவிடக் கூடாதென்று, ஒவ்வொரு பீஸையும் ஊசியைக் கண்டுபிடிக்கிற அந்த மெஷினில் விட்ட பிறகுதான் பேக் செய்வோம். அவர் கேட்டதை அப்படியே அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுவும் குழந்தைதானே. குத்தக் கூடாது" என்றார்.

அதைத் தமிழில் சொன்னதும் மாஸ்டர் முகம் மாறிவிட்டது. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

மத்தியானம் என் கண்களைப் பார்த்து அந்தப் பெண் என்னவென்று கேட்டார். வீட்டில் பேச முடியாததை, யாரென்றே தெரியாத அவரிடம் சொன்னேன். உங்கள் ஊரில் இதைச் சரி என்பார்களா, தப்பு என்பார்களா என்றும் கேட்டேன். அங்கேயும் ஆளுக்கொன்று சொல்வார்கள், பெண்களைப் பயமுறுத்திச் சம்பாதிக்கிற கோயில்களும் உண்டு என்றார். அவர் பிறப்பதற்கு முன்னால் அவர் அம்மாவுக்கும் ஒன்று கலைந்ததாம். அம்மா இன்னமும் போய் பிப் கட்டுகிறாராம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

"சரியாகவே செய்திருந்தாலும் மன்னிப்புக் கேட்கலாம் இல்லையா?" என்றார்.

இப்படி ஒரு வழி இருப்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அளவு தப்பிய அந்த சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீரில் விடவேண்டும் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. நொய்யல் பாலத்தில் வண்டியை நிறுத்தினார். அன்று ஆற்றில் சாயத் தண்ணீர், பிப்பின் அதே சிவப்பில் நுரைத்துக்கொண்டு போனது. அதில் எங்கள் கம்பெனித் துணியின் சாயமும் இருந்திருக்கும். எங்கள் பிள்ளைக்கு விட ஒரு கை நல்ல தண்ணீர்கூட நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

"இதுல வேண்டாம் கண்ணு. தாராபுரம் போலாம், அமராவதில நல்ல தண்ணி வருது" என்றார்.

அங்கே போனதும் தண்ணீரில் விட எனக்கு மனசு வரவில்லை, ஒரு கல்லுக்குக் கட்டலாம் என்றேன். கரையில் ஒரு உருண்டைக் கல்லைக் கண்டுபிடித்து அவரே பிப்பைக் கட்டினார். கட்டுவதற்கு முன்னால், ஏதாவது குத்துகிறதா என்று தையல் ஓரம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். ஊசி மெஷின் பேச்சை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

எனக்குள் நடக்கும் வழக்குக்கு இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. ஆனால் அந்த விரல் தையலைத் தடவியது ஞாபகம் வரும்போதெல்லாம், அதில் நான் தனியாக நிற்கவில்லை என்று தெரிகிறது.