அரைப்பேர்

ஒன்பது வயதில், ஏன், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், கடவுளும் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் போலத்தான் என்று நான் நினைத்திருந்தேன். அதில் என் தப்பு அதிகமில்லை. இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே தேயிலைக்கு நடுவில் பிறந்த பிள்ளைக்கு வேறு எந்த மாதிரிக் கடவுளைத் தெரியும்? விடியற்காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். ஆட்களெல்லாம் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவார். சொன்ன அளவு கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பிந்தி வந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். மழை, காய்ச்சல், பிள்ளைக்கு வயிற்றோட்டம், எதைச் சொன்னாலும் அவரிடம் எடுபடாது.

அந்த வருடம் எனக்குக் கடவுளிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போய் இரண்டு வருடமாகியிருந்தது. முதலில் மாதம் ஒருமுறை டவுனில் ஒரு கடைக்குப் போன் எடுப்பாள். நானும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் காத்திருப்போம். "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்பாள். நான் "ம்" என்பேன். அதற்குள் லைன் அறுந்துவிடும். பிறகு போன் வருவதே நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், பத்து மாதம். அனுப்பிவைத்த ஆளிடம் அப்பா போய்க் கேட்டால், அந்த வீட்டுக்காரர்கள் வீடு மாறிவிட்டார்கள், பொறுத்திருங்கள் என்று பதில் வரும். அம்மா உயிரோடு இருக்கிறாளா என்பதே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, எங்களைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள்.

தினமும் மாலை ஜெபமாலை முடிந்ததும் அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "ஆண்டவரே, அவ இருக்குற எடத்துல அவளோட இருங்க." அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருக்கிற இடத்தில் இருக்கச் சொன்னால் அவர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போவார். கூட்டிக்கொண்டு வரச் சொல்ல வேண்டாமா? தேயிலைச் செடியை அத்தனை அழகாகக் கவ்வாத்து வெட்டுகிற மனிதருக்கு ஒரு விண்ணப்பம் ஒழுங்காகப் போடத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உபதேசியார் கோயிலில் திராட்சைத் தோட்டத்துக் கதையைச் சொன்னார். சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் எங்களுக்கு உபதேசியார்தான். ஒரு தோட்டத்துச் சொந்தக்காரர் காலையில் ஆள் பிடித்தாராம், மத்தியானமும் பிடித்தாராம், வேலை விட ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டாராம். கடைசியில் எல்லாருக்கும் முழுப்பேர் போட்டாராம். கோயிலுக்குள் ஒரு சிரிப்பு எழுந்தது. லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, சிரிப்பு வரவில்லை. வீடு வரும்வரை பொரிந்து தள்ளினாள்.

"எந்தத் தோட்டத்துலடா இப்பிடிப் பேர் போடுறாங்க? முப்பது வருசமா மலையேறுறேன். அரைக் கிலோ கொறஞ்சதுக்கே எனக்கு அரைப்பேர் போட்டானுங்க."

"அது ஆண்டவரோட தோட்டம்க்கா," என்றார் அப்பா.

"அங்க ஆளெடுத்தா எனக்கும் சொல்லு. இந்தக் கூடைய வீசிட்டு வந்துர்றேன்."

நான் அத்தை கட்சி. ஒரு மணி நேர வேலைக்கு முழுப்பேர் போடுகிற துரை இந்த உலகத்தில் கிடையாது. ஆகவே முறையாக வேலை செய்து, முறையாகப் பேர் வாங்கி, அம்மாவை வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

லயத்துக்குக் கீழே, ரோட்டு வளைவில், கற்குகை போலக் கட்டிய ஒரு மாதா கெபி இருந்தது. மாதா திருநாளிலிருந்து கிறிஸ்மஸ் வரை, ஒரு நாள் விடாமல், சங்கு ஊதி முடிவதற்குள் அங்கே போய் நிற்க வேண்டும். இதுதான் நான் வகுத்த சட்டம். பனியில் பல் கிட்டிக்கொள்ளும், காலில் அட்டை ஏறும். போனதும் வலது கையைத் தூக்கி, "ரெண்டாம் நம்பர் லயம், ஏழாம் காம்பரா. வந்திருக்கேன். எங்கம்மாவ அனுப்புங்க," என்பேன். அம்மாவின் பேர் மேரி, எங்கள் தோட்டத்தில் அந்தப் பேரில் மட்டும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஆள் மாறிப் போய்விடக் கூடாதே! மாதா குறித்துக்கொள்வார், சாயந்தரம் மேலே இருக்கிற பெரியவரிடம் கொடுப்பார். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

கார்த்திகை மழையில் ஒரு நாள் தவறியது. காய்ச்சலா, காலில் அடியா என்றால் ஒன்றுமில்லை. சங்கு கேட்டது. கம்பளிக்குள் கதகதப்பாக இருந்தது. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று திரும்பிப் படுத்தேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மணியடித்ததும் மழையோடு ஓடிப்போய் கெபி முன்னால் நின்றேன். கையைத் தூக்கத் துணிவில்லை. "பிந்திருச்சி மாதாவே. அரைப்பேராவது போட்டு வைங்க," என்று கெஞ்சினேன்.

கிறிஸ்மஸ் வந்தது. அம்மா வரவில்லை. அன்றிரவு ஜெபத்தில் அப்பா வழக்கமான அதே வாக்கியத்தைச் சொன்னதும் நான் வெடித்துவிட்டேன்.

"நீங்க அம்மாவ வரச்சொல்லிக் கேக்கவே மாட்டேங்குறீங்க!"

அப்பா கோபப்படவில்லை. "எப்ப வரணும்ங்கிறது அவருக்குத் தெரியும் புள்ள. அதுவரைக்கும் அவ தனியா இருக்கக் கூடாதில்ல," என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டேன்.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம் ரோட்டில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியது அம்மா என்று எனக்கு உடனே தெரியவில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வலது கை விரல்கள் தீப்பட்டுச் சுருண்டு, விரிக்க வராமல் இருந்தன. இனி அந்தக் கையால் கொழுந்து பறிக்க முடியாது என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. அம்மா யாரோடும் பேசவில்லை. என்னைக் கட்டிக்கொண்டாள், ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தவள் நாள்கணக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அத்தை வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

"முழு ஆளாப் போனாளே! பாதி ஆளால்ல அனுப்பிருக்காங்க!"

பாதி! அதைக் கேட்டு வாங்கியது யார் என்று உலகத்தில் எனக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும். கம்பளிக்குள் படுத்துக் கிடந்த அந்தக் காலையை எத்தனை தடவை நினைத்து அழுதிருப்பேன்! யாரிடமும் சொல்லப் பயம். மறுபாதியையும் வாங்கிவிட வேண்டும் என்று மறுநாளே கெபிக்குப் போக ஆரம்பித்தேன். இந்த முறை சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே போய் நின்றேன்.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அப்பாவின் கோட்டைப் போர்த்திக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

"யாருக்குடி பேர் குடுக்குற?" என்றாள்.

வந்ததிலிருந்து அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கம்பளி, மழை, அரைப்பேர், பாதி ஆள், எல்லாம். என்னாலதாம்மா, என்னாலதாம்மா என்று விக்கினேன். அம்மா என்னையே பார்த்தாள். பிறகு, நம்புவீர்களோ என்னவோ, சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அடி கழுத! ஒன்னைய யாருடி கணக்கப்பிள்ளையாப் போட்டது?"

கெபிப் படியில் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். விரியாத அந்தக் கையால் என் தலையைத் தடவினாள். "அந்த வூட்டுல என்னைய ஒரு ரூமுல போட்டுப் பூட்டிருவாங்க. போன் கெடையாது, பேச ஆள் கெடையாது. ஆனா தனியா இருக்கேன்னு மட்டும் ஒரு நாளும் தோணல புள்ள. யாரோ கூடவே ஒக்காந்திருக்குற மாதிரியே இருக்கும். அது இல்லாட்டி என்னைக்கோ செத்துருப்பேன்," என்றாள்.

நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. என் கவலை வேறு. "அப்ப அந்த ஒரு நாளு?" என்றேன்.

"அதெல்லாம் எப்பவோ முழுப்பேர் போட்டாச்சி. எந்திரி, பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சி. சாப்பிட்டியா?"

மேலே ஏறி வரும்போது அப்பா லயத்து வாசலில் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா வாய் திறந்து பேசியபடி வருவதைப் பார்த்ததும் அவர் கை நின்றது. நான் முந்திக்கொண்டு ஓடினேன்.

"அப்பா, சாமி முழுப்பேர் போட்டுட்டாராம்! நான் கேட்டதுனாலதான்! நீங்க ஒழுங்காக் கேக்கவே இல்லியே!"

அப்பா தலையைக் குனிந்து கத்தியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஆமா புள்ள," என்றார்.

அவர் கண் ஏன் நனைந்திருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, வளர்ந்த பிறகுதான் விளங்கியது. நான் ஒரு நாள் தவறினேன். அப்பா ஒரு நாளும் தவறவில்லை. நாங்கள் பதிலே வரவில்லை என்று காத்திருந்த அத்தனை மாதமும், அவர் கேட்டது அந்தப் பூட்டிய அறைக்குள் தினம் தினம் கிடைத்துக்கொண்டிருந்தது.