வீடு எங்கே என்று கேட்டபோது

முதலில் மாலைக் காய்ச்சல்தான் வந்தது. புரோட்டாக் கல் முன்னால் நிற்பவனுக்கு உடம்பு சுடுவது புதிதல்ல என்று விட்டுவிட்டேன். இருமலுக்கு அடுப்புப் புகையைக் காரணம் சொன்னேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கிய பிறகுதான் மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

சளியைச் சோதித்துவிட்டு, காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிப்பது, டி.பி. என்பார்கள்) என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை. ஒரு நாளும் விடக் கூடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார்.

பதிவேட்டில் எழுதிய சுகாதாரப் பணியாளர் அம்மா, வீடு எங்கே என்று கேட்டார். சோழவந்தான் என்றேன். பொய்யில்லை. ரேஷன் கார்டு அங்கேதான். கடைகளில் வேலை பார்க்கும் எங்களில் யாரைக் கேட்டாலும் சொந்த ஊரைத்தான் சொல்வோம். ஆனால் மாதத்தில் இரண்டு நாள்தான் நான் அங்கே இருப்பேன். மற்ற நாளெல்லாம் கடை மாடியில், ஜன்னலை ஆணியடித்து மூடிய அறையில், உடன் வேலை பார்க்கும் கருப்பசாமியோடும் சேதுவோடும் படுப்பேன். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. கடைக்கு ஆள் வந்து விசாரித்தால் வேலை போய்விடும் என்று விழுங்கிவிட்டேன்.

ஊரில் என் மனைவியையும் மகளையும் சோதித்தார்கள். இருவருக்கும் இல்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டாம் மாதம் காய்ச்சல் விட்டது, வேட்டி நின்றது. அப்போது கருப்பசாமி இருமத் தொடங்கினான். பாய்க்கும் பாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. அது என் இருமலேதான், எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை சுகாதார நிலையத்தில் வரிசை முடியும்வரை நின்று, அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"ஏண்ணே, நோட்டுல நீங்க சோழவந்தான்ல இருக்கீக. இருமல் இங்கதான இருந்திருக்கு."

நோயாளிகளைத் தெருத் தெருவாக எழுதி வைப்பது எதற்கு என்று அன்றுதான் புரிந்தது. தொடர்பாளர் (நோயாளியோடு ஒரே காற்றில் இருந்தவர்) என்ற கட்டத்தில் இரண்டு பேரையும் எழுதினார். உங்கள் பெயரைச் சொல்லாமல் நானே வந்து பார்க்கிறேன் என்றார். வேண்டாம், நானே கூட்டி வருகிறேன் என்றேன்.

இந்த நோய் வந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீடு எங்கே என்று கேட்டால், எங்கே தூங்குகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன் நான். மாவு பிசையும் நேரத்தில் இருவரிடமும் சொன்னேன். சேது பிசைவதை நிறுத்தவில்லை. கருப்பசாமிதான் நிமிர்ந்தான்.

"அட்ரஸு ஊருக்கு, நோயி எங்களுக்கா மாப்ள? நல்லாத்தான் பிரிச்சிருக்க."

"போயிட்டு வந்து எம்புட்டு வேணாலும் திட்டு. இப்பச் சட்டையப் போடு."

சேதுவுக்கு இல்லை. கருப்பசாமிக்கு இருந்தது, ஆரம்ப நிலை என்றார் டாக்டர். விஷயம் தெரிந்ததும் முதலாளி என்னையும் கருப்பசாமியையும் ஊருக்குப் போகச் சொன்னார். என்னிடமிருந்து இனிப் பரவாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு போய் நின்றேன். சில வாரம் கழித்து கருப்பசாமிக்கும் அதேபோல ஒரு தாளோடு போய் நின்றேன். யோசித்துச் சேர்த்துக்கொண்டார். அறை ஜன்னலின் ஆணிகளை நாங்களே பிடுங்கினோம்.

என் ஆறு மாதம் முடிந்துவிட்டது. பதிவேட்டில் சோழவந்தானை அடித்துவிட்டுக் கடைத்தெருவின் பெயரை எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் "குணம்". கருப்பசாமிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

காலையில் என் மாத்திரை நேரத்துக்கு இப்போதும் விழிப்பு வந்துவிடுகிறது. மூச்சை இழுத்தால் அடிவரை போகிறது. விடும்போது மட்டும், யார் பக்கம் விடுகிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன். பிறகு எழுந்து, தண்ணீர் மொண்டு கருப்பசாமிக்கு நீட்டுகிறேன்.